பேர் சொல்லாதவர்கள் வந்து சேரும் இடம்

வள்ளிமயில் காம்ப்ளக்ஸின் கதவு, சரியான பெயரைச் சொல்லாத எல்லோரையும் என் கடைக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. நடந்த தப்பு அதுதான். என் கடையில் குளிர்பெட்டி, பாடை, சங்கு, சொர்க்க ரதம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். உயிரோடு இருக்கிறவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை.

காம்ப்ளக்ஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிறது. கீழ்த்தளத்தில் பின்பக்கம் என் அமரர் சேவை, முதல் மாடியில் கலைவாணி கணினிப் பயிற்சி, இரண்டாவதில் மங்கலம் திருமணத் தகவல் மையம், மூன்றிலும் நாலிலும் சங்கரலிங்கம் நினைவு மருத்துவமனை. நாலு பேருக்கும் இணையத்தில் ஆளுக்கொரு தளம் உண்டு, குளிர்பெட்டி கேட்க ஒன்று, ரிசல்ட் பார்க்க ஒன்று, ஜாதகம் தேட ஒன்று, டோக்கன் போட ஒன்று. நாலும் ஓடியது ஒரே கம்ப்யூட்டரில். அதை வைத்துக் கொடுத்தவன் எட்வின். வெளியே இருந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் விலாசம் ஒன்றுதான் அண்ணாச்சி, வருகிறவன் எந்தப் பேரைக் கேட்டுக்கொண்டு வருகிறான் என்று வாசலில் ஒரு புரோகிராம் நின்று பார்க்கும், பார்த்து அந்தக் கடைக்குக் கைகாட்டும், தெரியாத பேராக இருந்தாலும் பேரே இல்லாமல் வந்தாலும் வரிசையில் முதலில் இருக்கிறவனிடம் தள்ளிவிடும் என்று ஒருநாள் சொன்னான். என்ன வரிசை என்றேன். எழுத்து வரிசை என்றான். அமரர்தான் முதல். “வழி தவறுறவன் பூரா உங்ககிட்டத்தான் வருவான்” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் எட்வினுக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகையில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு வரிசையாகப் பெயர் அடித்திருந்தான், அதில் காம்ப்ளக்ஸ் சங்கத் தலைவர் பால்வண்ணம் பெயர் விட்டுப்போயிற்று. வேண்டுமென்று விட்டானா, அச்சகத்தில் விட்டதா, யாருக்குத் தெரியும். பால்வண்ணம் அவனைச் சங்கத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்றார். அவன் மஸ்கட் போய்விட்டான். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஐப்பசியில் அடைமழை விட்ட ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கட்டடத்துக்கு ஒரு கதவுதான் இருந்தது. மற்ற கதவுகள் இருந்த இடத்தில் சுவர். புதுச் சுவர் இல்லை, பழைய சுவர், போன வருடத்துக் காலண்டர் ஆணியும் ஆணியைச் சுற்றித் துருக்கறையும் கறைக்குப் பக்கத்தில் ஒரு பல்லியுமாக, காலங்காலமாக அங்கேயே இருந்த சுவர். மாடிப்படி இல்லை, லிப்ட் இல்லை. எட்வின் சொன்ன வாசல் புரோகிராம் மாதிரியே, அந்த ஒற்றைக் கதவைத் தள்ளும்போது வாயில் என்ன பெயர் இருக்கிறதோ அந்த இடத்தில் கால் போய் நிற்கும்; கலைவாணி கணினிப் பயிற்சி என்று தள்ளினால் கலைவாணி, மங்கலம் திருமணத் தகவல் மையம் என்று தள்ளினால் மங்கலம், வேறு என்ன சொன்னாலும் நான். வெளியே போவதில் சிக்கல் இல்லை, எந்தக் கடையிலிருந்து வெளியே வந்தாலும் ரோடுதான். ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு உள்ளுக்குள்ளே போக வழி இல்லை.

ஊர் முதலில் கூட்டம் கூடிப் பார்த்தது, மத்தியானம் சாப்பிடப் போயிற்று, சாயங்காலம் பழகிவிட்டது. ஈ.பி.காரர்கள் வந்து கதவைத் தட்டிப் பார்த்து இது கரண்ட் பிரச்சினை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஜோசியர் வாஸ்து என்றார், வாஸ்து என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளி என் முன்னால் வந்து நின்றார். எலெக்‌ஷனில் நிற்கிற ஒருவர் இந்தத் தொகுதியில் என் பேர் போதும் என்று தன் பெயரையே சொல்லித் தள்ளினார். உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். ஜாதகம் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மங்கலம் என்று மட்டும் சொல்லிவிட்டு, தாம்பூலத் தட்டும் பூவும் பழமுமாகப் பாடைக்கு நடுவில் வந்து நின்றார்கள். அந்தச் சம்பந்தம் கூடவில்லை.

எங்கள் ஊரில் எதையும் போர்டில் இருக்கிற பெயரால் கூப்பிடும் வழக்கம் கிடையாது. இதுதான் விஷயம். அந்த ஆஸ்பத்திரிக்கு ஊர் வைத்த பெயர் கம்பவுண்டர் ஆஸ்பத்திரி. டாக்டருடைய அப்பா கம்பவுண்டராக இருந்தவர், அவர் பெயர் சங்கரலிங்கம், மகன் படித்து வந்து ஆஸ்பத்திரி கட்டி அப்பா பெயரை வைத்தான், ஊர் அப்பாவின் வேலையை வைத்துக்கொண்டது. ஊர் வைத்த அந்தப் பெயர் கதவுக்குத் தெரியவில்லை. கம்பவுண்டர் ஆஸ்பத்திரி என்று தள்ளியவர்கள், மேலமாடி ஆஸ்பத்திரி என்று தள்ளியவர்கள், டாக்டரைப் பாக்கணும் என்று தள்ளியவர்கள், அம்மா அம்மா என்று மட்டும் அலறிக்கொண்டு தள்ளியவர்கள், கைக்குழந்தையும் காய்ச்சலும் உடைந்த காலும் நெஞ்சுவலியுமாக அத்தனை பேரும் என் குளிர்பெட்டிக்கு முன்னால் வந்து நின்று, நின்ற இடம் தெரிந்ததும் கொஞ்சம் அழுதுவிட்டு, திரும்பிப் போய் வாசலில் நின்று மறுபடி தள்ளினார்கள். அழுகிறவர்களுக்கு நான் நாற்காலி போட்டு வைத்தேன். கிழவர்கள் சிலர் வெயில் நேரத்தில் வேண்டுமென்றே பெயர் சொல்லாமல் வந்து பெட்டிப் பக்கம் சாய்ந்துகொண்டார்கள். விரட்டவில்லை, எப்படியும் வருகிறவர்கள்தானே.

ஆட்டோக்காரர்கள் சவாரி ஏற்றும்போதே முழுப்பெயரைச் சொல்லிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை ஒப்பித்தார்கள். பூக்காரி முழம் போட்டுக்கொண்டே முணுமுணுத்தாள். ஊர் ஒருவழியாக சங்கரலிங்கம் நினைவு மருத்துவமனை என்று இடறாமல் சொல்லக் கற்றுக்கொண்டது. ஒருத்தியைத் தவிர.

அவள் வத்தல் விற்கிறவள். மிளகாய் வத்தல், சுண்டை வத்தல், மோர் மிளகாய். நார்ப்பெட்டியைத் தலையில் வைத்து வீடு வீடாகப் போவாள். ஊரில் அவளை வத்தல்காரி என்பார்கள், தெரிந்தவர்கள் சங்கரலிங்கம் பெண்டாட்டி என்பார்கள். ஆமாம். புருஷன் பெயர் சங்கரலிங்கம். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்புகிறவள், கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பெயரைச் சொன்னது இல்லை, அந்தப் பெயர் உள்ள கடையை, தெருவை, மளிகைக்காரனை, எதையும் சொன்னது இல்லை. சங்கரன்கோவிலுக்குப் போனால்கூட “அவுக பேரு ஊரு கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்” என்பாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. புருஷன் லோடு ஏற்றுகிறவன். அவன் மூட்டையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தபோது, கூட வேலை பார்த்தவர்கள் தூக்கிக்கொண்டு முழுப்பெயரையும் கத்திக்கொண்டு கதவைத் தள்ளினார்கள், மேலே போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் ஓடி வந்தவள் என்னிடம் வந்து சேர்ந்தாள்.

“இது எந்த இடம்?”

சொன்னேன். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள்.

“அவுக இங்கயா இருக்காக?”

“இல்லை. மேலே. ஆஸ்பத்திரிப் பேரைச் சொல்லித் தள்ளும்மா.”

போனாள். வந்தாள். “அவுக பேரு ஆஸ்பத்திரின்னு சொன்னேன்” என்றாள். போனாள். “பூரணத்துக்க அண்ணன் ஆஸ்பத்திரின்னு சொன்னேன்” என்றாள். பூரணம் அவள் நாத்தனார். போனாள். அதற்கு அப்புறம் வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாத்தனார் வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனாள். “நான் சொல்லுதேன், நீங்க வாயை மூடிக்கிட்டு என் கையை மட்டும் புடிச்சுக்கிடுங்க மைனி.” பூரணம் பெயரைச் சொல்லித் தள்ளினாள். மேலே போய்ப் பார்த்தால் அவள் கை மட்டும், மூடினபடி, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தக் கையில் இருந்தவள் என்னிடம் இருந்தாள். கதவு அவரவர் வாயைத்தான் கேட்டது, வாய் திறக்க முடியாதவனுக்கு மட்டும் தூக்கி வந்தவன் வாய்.

சரி, அவனைக் கீழே கொண்டு வரலாமே என்றால், அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். போனில் முகம் பார்க்கலாமே என்றார்கள். பூரணம் மேலே இருந்து போட்டாள், என் கடையில் உட்கார்ந்து இவள் பார்த்தாள். மூக்கில் குழாயோடு அவன் சிரித்தான்.

“ஏட்டி, கதவுட்ட நின்னு என் பேரைச் சொல்லிட்டு வாயேன்.”

“வாயை மூடுங்க. பேசாம கிடங்க.”

“ஒரு தடவ சொன்னா ஒண்ணும் ஆயிராது. ஊரே சொல்லுது, நான் செத்தா போனேன்?”

“ஊருக்கு நீங்க யாரு? நான் சொன்னாத்தான் கொறையும்.”

“அப்ப கொஞ்சமாவது கொறையட்டுமே. உன்னைப் பாக்காம இங்க நீளமா கெடந்து என்ன பண்ண?”

அவன் இருமினான். நர்ஸ் போனை வாங்கிவிட்டாள். இவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “மொகத்தப் பாத்து என்ன செய்ய அண்ணாச்சி, தொடணும்லா” என்றாள். நான் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. டீ சொன்னேன்.

தினமும் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். கதவைத் தள்ளும்போது ஒவ்வொரு நாளும் ஒரு புதுப்பெயர் வைத்திருப்பாள்; உயிர் இருக்கிற இடம் என்பாள், என் வீடு என்பாள், அவுக என்று மட்டும் சொல்லிப் பார்ப்பாள், ஊரில் இருக்கிற சாமி பெயரெல்லாம் சொல்லிப் பார்ப்பாள், அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்துவிட்டு என் முன்னால் வந்து நிற்பாள். பூரணம் வந்து தூக்குவாளியை வாங்கிப் போவாள். “மைனிக்கு ஒரு பேரைச் சொல்ல வாய் வரல, ஊர் ஊராக் கூவி வத்தல் விக்க மட்டும் வாய் வருது” என்று குத்துவாள்.

சங்கக் கூட்டம் போட்டார்கள், ரோட்டில் பெஞ்சு போட்டு. கதவுக்கு ஊர் சொல்கிற பெயரையும் கற்றுக்கொடுக்க முடியுமா என்று மங்கலத்துக்காரர் கேட்டார். கம்பவுண்டர் ஆஸ்பத்திரி என்று ஒரு பெயர் கூடச் சேர்ந்துவிட்டால் பாதி ஜனம் தப்பித்துவிடும். டாக்டர் எழுந்துவிட்டார். “நான் எம்.டி. படிச்சு, லோன் போட்டு ஆஸ்பத்திரி கட்டினது கம்பவுண்டர்னு கூப்பிடவா? எங்கப்பா பேரைச் சொல்ல முடியாதவன் வேற ஆஸ்பத்திரிக்குப் போகட்டும்.” எட்வினிடம் கேட்கலாமே என்று கலைவாணி வாத்தியார் சொன்னார். பால்வண்ணம் துண்டை உதறித் தோளில் போட்டார். “பத்திரிகையில என் பேரப் போட மறந்தவன்ட்ட நான் போயி, தம்பி, பேரு ஒண்ணு போடணும்னு கேக்கணுமாக்கும்? நல்லாருக்குவே.” எட்வின் நம்பர் அவரிடம் மட்டும் இருந்ததாக எல்லோரும் நினைத்தோம். டீயும் வடையும் சாப்பிட்டுக் கலைந்தார்கள்.

வத்தல்காரி அந்தக் கூட்டத்துக்குப் பின்னால்தான், பேச்சு காதில் விழாத தூரத்தில் நின்றாள். கதவு ஏன் இப்படி ஆனது, யார் வைத்தது, எங்கே மாற்றுவது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. வத்தல் விற்கிறவளிடம் கம்ப்யூட்டர் பேச்சு எதற்கு என்று ஊரே நினைத்தது.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காலை, அவள் கஞ்சியோடு என் கடையில் இருக்கும்போது கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் வந்தது. தூக்கி வந்தவர்கள் வாயையே திறக்கவில்லை. என்னிடம் வருவதற்குத் திறக்க வேண்டியதும் இல்லை. துணி மூடியிருந்தது. பின்னால் பூரணம்.

வத்தல்காரி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். துணியை விலக்கினாள். முகத்தைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், தோளில் மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன இடத்தைத் தொட்டாள். அப்புறம் அவன் காதுக்குக் குனிந்தாள்.

“சங்கரலிங்கம்” என்றாள்.

முதல் தடவை சொல்கிற மாதிரி இல்லை. இத்தனை வருடமாக வாய்க்குள்ளேயே உருட்டி உருட்டி வழுவழுப்பாக்கி வைத்திருந்தது மாதிரி வந்தது. மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். சங்கரலிங்கம், சங்கரலிங்கம், சங்கரலிங்கம் என்று, கூடையில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிறவள் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

“மைனி, இப்பச் சொல்லி என்ன?” என்று பூரணம் அழுதாள்.

“இப்ப இனிக் கொறைய என்னட்டி இருக்கு?”

நான் குளிர்பெட்டியின் ஒயரைச் சொருகினேன். அதுதான் என் வேலை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் வந்தாள். இப்போது அவள் அந்தப் பெயரைச் சொல்லலாம். சொல்லி மேலே போய் என்ன செய்ய. ஒன்றும் சொல்லாமல் தள்ளி, என்னிடம் வந்து, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் டீ சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து ஒரு வடக்கத்திப் பெண் வந்தாள். தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்க்க வந்த குடும்பம். இடுப்பில் ஒரு குழந்தை, தலை தொங்கிக்கொண்டு, கண் சொருகிக்கொண்டு. “சங்கர்லிங் அஸ்பதால், சங்கர்லிங்” என்கிறாள். நான் முழுப்பெயரைச் சொல்லிக் கொடுத்தேன். ‘மருத்துவமனை’ அவள் நாக்கில் ஏறவில்லை. போனாள், வந்தாள். போனாள், வந்தாள். குழந்தையைத் தா, நான் தூக்கிப் போகிறேன் என்று கை நீட்டினால் பயந்து இன்னும் இறுக்கிக்கொண்டாள். குழந்தை வாயில் நுரை.

வத்தல்காரி எழுந்துவிட்டாள்.

“அண்ணாச்சி, இந்தக் கதவுக்கு யாருட்ட சொல்லணும்?”

“வச்சவன் மஸ்கட்ல இருக்கான். எட்வின்னு ஒருத்தன்.”

“எந்த எட்வின்? மோர் மிளகா எட்வினா?”

எனக்கு விளங்கவில்லை. அவள் இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். எட்வின் மஸ்கட் போகும்போதும் வரும்போதும் மோர் மிளகாய் வாங்குவது அவளிடம்தானாம். நம்பர் அவளிடம் இருந்தது. இத்தனை நாளும் அவள் மடியில் இருந்தது.

ஸ்பீக்கரில் போட்டாள். “ஹலோ” என்றான். “நான் வத்தல்காரி” என்றாள். “போன்லயும் அப்படித்தான் போட்டு வச்சிருக்கேன், பேரு சொல்லுங்கம்மா” என்றான். சொன்னாள். நானும் அப்போதுதான் கேட்டேன். விஷயத்தைச் சொன்னாள்.

“ஏம்மா, இத யாரும் எங்கிட்டச் சொல்லலியே.”

“இப்பச் சொல்லுதேன்லா. பிள்ளை சாகக் கெடக்கு. என்ன செய்யணும்?”

வெளியே இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாதபடி அடைத்துவிட்டுத்தான் போனேன், உள்ளே இருந்து யாராவது தட்ட வேண்டும் என்றான். எங்கே இருக்கிறது என்றேன். மாடிப்படிக்குக் கீழே, உங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் என்றான். என் தொழிலுக்குக் கடப்பாரை உண்டு. நான் எடுத்தேன், அவள் என் கையிலிருந்து பிடுங்கினாள். சுவர் சங்கத்துடையது என்று நான் சொல்வதற்குள் முதல் செங்கல் விழுந்துவிட்டது. மிளகாய் வத்தலை உரலில் இடித்த கை. செங்கல் மூன்று வரிசை போனதும் அந்தப் பக்கம் பச்சை விளக்கு மினுங்கியது.

ஒற்றை விரலால் நான் தட்டினேன். எட்வின் எழுத்து எழுத்தாகச் சொன்னான். திரையில் ஆஸ்பத்திரி வரி வந்தது, அதில் ஒரே ஒரு பெயர்.

“அதுக்கு அடுத்தாப்ல ஒரு இடைவெளி விடுங்க அண்ணாச்சி. விட்டுட்டு வேற பேரு போடலாம். எத்தனை வேணும்னாலும் போடலாம். என்ன போடணும்?”

அவள் சொல்லச் சொல்ல நான் போட்டேன். கம்பவுண்டர் ஆஸ்பத்திரி. மேலமாடி ஆஸ்பத்திரி. சங்கர்லிங் அஸ்பதால். டாக்டர். அம்மா. அவுக.

“பேரே சொல்லாம வாறவங்க?” என்று எட்வின் கேட்டான். “அவங்களுக்கு ஒரு இடம் சொல்லணும். இப்ப அண்ணாச்சி கடைதான் இருக்கு.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“பேரு சொல்லாதவள மொதல்ல உசுரு இருக்க எடத்துக்கு அனுப்பு. செத்தவங்க தானா வருவாங்க.”

மாற்றினேன். கடைசியாக ஒரு சொல் தட்டச் சொன்னான், தட்டினேன். பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

வத்தல்காரி அந்தப் பெண்ணின் வாயில் விரலை வைத்து, பேசாதே என்று காட்டி, வெளியே கூட்டிக்கொண்டு போனாள். ரோட்டில் அவர்கள் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. நான் என் கடை வாசலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

யாரும் வரவில்லை.

குழந்தை பிழைத்தது. இப்போதும் கட்டடத்துக்குக் கதவு ஒன்றுதான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை. பின்சுவரை உடைத்ததற்குச் சங்கம் எனக்கு விளக்கம் கேட்டு ஆள் அனுப்பியது, அப்புறம் அதே சங்கம் வாசலில் கல் பதித்தது. ‘அனைவரும் எளிதில் வரும்படி இவ்வாயிலைச் சீரமைத்தவர் சங்கத் தலைவர் பால்வண்ணம், பெருமுயற்சி டாக்டர்’ என்று தங்க எழுத்து. திறப்பு விழாவில் இரண்டு பேருக்கும் சால்வை போட்டார்கள், தெருவில் நார்ப்பெட்டியோடு அவள் போனாள், சங்கத்துக்காரர் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. விழாவுக்கு வந்திருந்த தாசில்தார் கைதட்டிவிட்டு என்னிடம் கேட்டார், “யாருய்யா அந்தம்மா, உங்களைப் பாத்துத் தலையாட்டிட்டுப் போறாங்க?”

“கதவைச் சரிபண்ணினவங்க” என்றேன்.

“பேரு?”

“செண்பகவடிவு.”